அம்மாவின் காலை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை

பெரம்பலூரில் ஒரு மருந்துக்கடையில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். சீட்டைப் பார்த்தே இன்ன வியாதி என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு மிதப்பு உண்டு. அந்த மிதப்பு நாசமாய்ப் போக.

முதலில் வலி வந்தது அப்பாவுக்குத்தான். குன்னம் பக்கம் எங்கள் ஊர். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் நின்றுவிடுவார். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். பீடிக்காரர். டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் அப்பாவின் இரண்டு பாதத்திலும் விரல் வைத்து நாடி பார்த்தார். கையில் கட்டுகிற பிரஷர் பட்டையைக் கணுக்காலிலும் கட்டிப் பார்த்தார். காலுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு வருகிறது, பீடியை விடுங்கள், மாத்திரை போடுங்கள், தினமும் நடங்கள் என்றார். அப்பா நிஜமாகவே பீடியை விட்டார். அதை ஊரில் ஒருவர் விடாமல் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லியே பாதி நடையை நடந்தார்.

அன்றைக்கு அம்மாவும் கூட வந்திருந்தாள். அப்பாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். வெளியே வந்ததும், "எனக்குந்தான் காலு மதமதன்னு இருக்கு" என்றாள்.

"நாளெல்லாம் குத்தவச்சு வெங்காயத் தாளு அறுத்தா மரத்துத்தான் போவும்" என்றேன். எங்கள் பக்கம் சின்ன வெங்காயம் பிடுங்கும் காலத்தில் பெண்கள் விடிந்ததிலிருந்து குத்தவைத்தேதான் கிடப்பார்கள். கால் வலிக்காத பெண் யார் இருக்கிறாள்? என் கடையிலிருந்தே ஒரு தைலம் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வருஷம் அதைத்தான் தேய்த்தாள்.

அப்பாவைப் போல அவள் வழியில் நின்றதே இல்லை. நிற்கிற அளவுக்கு அவள் எங்கும் நடக்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. முதலில் கோயிலுக்குப் போவதை விட்டாள், அப்புறம் சந்தையை. கேட்டால் "அலுப்பா இருக்குடி" என்பாள். ஆனால் அப்பா நடந்துவிட்டு வரும்போது கம்பங்கூழ் தயாராக இருக்கும்.

போன தை மாதம் ஊருக்குப் போனபோது அவள் மெட்டிக்கு அடியில் மஞ்சள் அப்பியிருந்தது. மெட்டி உரசிப் புண்ணாகி ஒரு மாதமாம். துடைத்துப் பார்த்தேன். விரல் சுட்ட கத்திரிக்காய்த் தோல் மாதிரி கறுத்திருந்தது, பாதம் சில்லென்று இருந்தது.

"கழட்டிட்டு மருந்து போட்டிருக்கலாம்லம்மா?"

"அப்பா இருக்கையில மெட்டியக் கழட்டுவாங்களாடி?" என்று என்னையே அதட்டினாள்.

திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் அதே மாதிரி பட்டையை அம்மாவின் கணுக்காலில் கட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "பொம்பளைங்களுக்கு இந்தக் குழாயே சன்னம். மாதவிலக்கு நின்னப்புறம் அடைப்பு வர ஆரம்பிக்கும். நடந்தா வலி, நின்னா சரின்னு எல்லாருக்கும் இருக்காது. மரத்துப்போவுது, அசதியா இருக்குன்னுதான் வருவாங்க. மூட்டுத் தேய்மானம்னு நாங்களே அனுப்பிடறதும் உண்டு." கொஞ்சம் நிறுத்தி, "அப்பாவுக்குப் பாத்த அன்னிக்கே இவங்களுக்கும் பாத்திருக்கலாமே" என்றார். பட்டையைக் கட்டிப் பார்ப்பது கொஞ்ச நேர வேலைதான். இப்போது முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்தாக வேண்டும் என்றார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் மெட்டியைக் கழற்றச் சொன்னார். அம்மா காலை இழுத்துக்கொண்டாள். அப்பாவைப் பார்த்து, "ஒங்களுக்கு ஏதாச்சும் ஆயிடப் போவுது" என்றாள். காலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாமல்.

"நான் குத்துக்கல்லாட்டம் நிக்கறேன்ல. குடு காலை" என்று அப்பா குனிந்தார். கல்யாணத்தன்று அவள் காலை அம்மிமேல் வைத்து அவர் போட்ட மெட்டி. வீக்கத்தில் அது வரவில்லை. கடைசியில் மெட்டியை வெட்டித்தான் எடுத்தார்கள். அப்பா அதைக் கைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் மதியம் அம்மா நன்றாகக் கண் விழித்தாள். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததைப் பார்த்தாள். அப்புறம் என்னிடம், "அப்பா இன்னிக்கி நடந்தாரா?" என்று கேட்டாள்.

அப்பா வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாளிலிருந்து அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நடந்தாரும்மா" என்றேன்.