வெறுங்காலுக்கு மட்டும் பாடியது

காற்றடைத்த துணிச் சிற்பம் ஒன்று வேண்டும், விருந்தாளிகள் தொட்டால் அது பாட வேண்டும் என்று ஓர் ஓட்டல் மேனேஜர் கேட்டார். மொரீஷியஸ் கடலோரமெங்கும் ஓட்டல் முளைத்துக்கொண்டிருந்த காலம். நான் கோயம்புத்தூரிலிருந்து வந்து, பனியன் ஆலையில் தையல் மெஷின் மோட்டார்களோடு மாரடித்துக்கொண்டிருந்தேன். மாதிரி பிடித்துப்போனால் அவர்களுடைய எல்லா ஓட்டல்களுக்கும் நானே செய்து தரலாம். ஆலைக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிடலாம்.

காத்ர் போர்ன் என்ற ஊரில் எங்கள் வாடகை வீட்டு முன்னறையை அடைத்துக்கொண்டு அது வளர்ந்தது. மழைக்கோட்டு நைலானை என் மனைவி வெட்டித் தைத்தாள். ஆள் உயரத்தில் பரங்கிக்காய் போல இருக்கும். அடியில் ஊதும் விசிறி, உள்ளே ஸ்பீக்கர். மேலே அங்கங்கே உலோகத்தாள் ஒட்டினேன். கை பட்டதும் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கும் துளி மின்சாரத்தைச் சென்சார் பிடித்துக்கொண்டு ஒரு சுரம் எழுப்பும். முதல் தடவை அது பாடியபோது அவள் குழம்பை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அடேயப்பா, என்னமா பாடுது!"

பக்கத்து வீட்டார், கோயில் குருக்கள், யார் வந்து தொட்டாலும் பாடியது. அத்தனை பேரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தவர்கள் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

ஓட்டல் வரவேற்பறையில் மேனேஜர் பளபளக்கும் ஷூவோடு வந்து தொட்டார். சத்தமே இல்லை. டென்னிஸ் ஷூ போட்ட வெள்ளைக்காரர்கள் தடவினார்கள், தட்டினார்கள். ஊஹூம். "பா மார்சே," வேலை செய்யவில்லை என்று கிரியோலில் சொல்லிச் சிரித்தார் மேனேஜர். என் மனைவியோ பழக்க தோஷத்தில் அங்கேயும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருந்தாள். பதறிப்போய்க் கை வைத்தாள். கணீரென்று பாடியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஷூவின் பாழாய்ப்போன ரப்பர் அடி மின்சாரத்தைத் தரைக்கு இறங்க விடவில்லை!

ஒரு வாரம் கொடுங்கள், சரிசெய்து தருகிறேன் என்று அரைகுறை பிரெஞ்சில் கெஞ்சினேன். அவர் காதில் வாங்கவில்லை. அவள் சேலையையும் பாதங்களையும் பார்த்தபடி, சரிசெய்யவே வேண்டாம், இதுதான் அழகு என்றார்.

"என்னங்க சொல்றாரு?"

"தெனமும் நீ வெறுங்காலோட இங்க நின்னு தொட்டுக் காட்டணுமாம். வர்றவங்க போட்டோ எடுப்பாங்களாம்."

அவள் விறுவிறுவென்று வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். சிற்பத்தின் மேல் கையை வைத்தாள். அது ஊமையாக நின்றது.

"இப்ப நானும் விருந்தாளிதான்னு அவருகிட்ட சொல்லுங்க."

சொன்னேன். அவர் முகம் கடுகடுத்தது. விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவள் செய்ததுதான் சரி. இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். ஆனாலும் திங்கட்கிழமை காலை ஆலைக்குள் நுழைந்தபோது கைக்கு வந்த முதல் மோட்டாரை மேஜைமேல் ஓங்கிப் போட்டேன்.