திரைக்கு அந்தப் பக்கம்

பேய் பார்த்தேன் என்று சொன்ன எவனையும் நான் நம்பியதில்லை. பாதிப் பேர் குடிகாரன், மீதிப் பேர் கடன்காரன். ஆனால் இது நடந்தது. என் தம்பி மகளுக்கு நடந்தது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் அவள் படிப்பு எப்போதோ முடிந்திருக்கும்.

எஞ்சினியரிங்கில் டாக்டர் பட்டத்துக்குப் படித்தாள். கான்கிரீட் கட்டிகளைப் பாரத்தில் வைத்து, அதில் விழும் மயிரிழை விரிசலை அளக்கிற வேலை. அளப்பதற்கு முன்னால், எப்படி அளந்தால் செல்லும் என்று ஒரு தனிப் பாடம் உண்டாம். ஒருத்தர் கண்ணை நம்பக்கூடாது. இரண்டு பேர் பார்க்க வேண்டும். ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது. நீள மேசையின் நடுவில் கறுப்புத் திரை. இவள் ஒரு கட்டியை லென்ஸ் வைத்துப் பார்த்து, எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, கட்டியைத் தட்டோடு திரைக்கடியில் தள்ளுவாள். அந்தப் பக்கத்து ஆள் பார்த்து, தன் எண்ணைத் தட்டினால் பச்சை விளக்கு எரியும், தட்டு திரும்பி வரும். நடுவிலோ கடைசியிலோ ஒருமுறை வெறும் தட்டை அனுப்ப வேண்டும். எதிராளி சும்மா எதையாவது தட்டுகிறானா என்று தெரிந்துவிடும். இந்த ஒரு யோசனைக்காக அவளுடைய கைடு மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை.

இரண்டு தடவை அளவு ஒத்துப்போகவில்லை. "மூணாவது தடவையும் சொதப்பினா மூட்டையைக் கட்டிக்கோம்மா" என்று கைடு சொல்லிவிட்டார். நாலு வருஷப் படிப்பு. அழுகை, கோபம் எல்லாம் அவளுக்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது. மரத்துப்போன மனசோடுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய் உட்கார்ந்தாள்.

அந்தப் பக்கம் உட்கார வேண்டியவன் இளைய மாணவன். ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான், பெயரே ஒட்டடை. அவனுக்குத் தனிக் கதவு. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. வந்துவிட்டான் என்று ஆரம்பித்தாள்.

முதல் தட்டு போனது. பச்சை விளக்கு. தட்டு வந்தது.

சில்லென்று இருந்தது.

ஒட்டடை சும்மா இருக்கமாட்டான். இருமுவான், காலாட்டுவான். அன்று மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்தப் பக்கம் விளக்கு போட்டால் திரையோரம் மஞ்சளாக ஒரு கோடு தெரியும். அதுவும் இல்லை.

இருட்டில் மயிரிழையை எப்படிப் பார்க்கிறான்?

எட்டிப் பார்க்கலாம். பார்த்தால் அன்றைய அளவெல்லாம் செல்லாது. அவள் பார்க்கவில்லை.

கடைசிக் கட்டியும் போய்த் திரும்பியது. வெறும் தட்டுதான் பாக்கி. தள்ளினாள். பாதியில் சிக்கியது. கையை உள்ளே விட்டுத் தள்ளினாள். மணிக்கட்டு வரை திரைக்கு அந்தப் பக்கம்...

மணிக்கட்டின் மேல் ஏதோ உட்கார்ந்தது.

வட்டமாக. சில்லென்று.

லென்ஸ்.

கட்டியின் மேல் எவ்வளவு பதமாக வைப்பார்களோ, அவ்வளவு பதமாக. கையை இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. அளவு கெட்டுவிடும் என்று அசையாமல் வைத்திருந்தாளாம். படித்த படிப்பு அப்படி.

டிக்... டிக்...

பச்சை விளக்கு.

கையை எடுத்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது.

"சாரிக்கா. சாவியை வீட்ல விட்டுட்டு பாதி வழியில திரும்பி ஓடினேன்."

ஒட்டடை. வேர்த்து விறுவிறுத்து நின்றான்.

"எந்தச் சாவி?"

"அந்தப் பக்கக் கதவுச் சாவிதான். நேத்து நானே பூட்டினேன். என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

அப்போதுதான் வெறும் தட்டு திரைக்கடியிலிருந்து மெல்ல வெளியே வந்தது. அவனும் பார்த்தான்.

திரையைத் தூக்கினார்கள். யாரும் இல்லை. கதவு பூட்டியபடி.

கைடிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். இரண்டு பேர் அளவிலும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அந்தப் பக்கத்து எண்ணெல்லாம் பல மடங்கு பெரிது. "யார் பார்த்தாங்கன்னே தெரியாத அளவெல்லாம் ஒரு அளவே இல்லைம்மா" என்று அனுப்பிவிட்டார். பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள். தம்பி பெண்டாட்டிதான் அழுதாள்.

ஐந்து மாதம் கழித்து கைடே போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"கட்டியெல்லாம் மறுபடி பாரத்தில ஏத்தினபடியே கிடந்துச்சும்மா. நேத்து அளந்தேன். ஒவ்வொண்ணுலயும் விரிசல் வளர்ந்து அந்தப் பக்கத்து எண்ணுக்கே வந்து நிக்குது. ஒரு புள்ளி பிசகல. அந்த ஆளை இன்னொரு தடவை உக்கார வை. உன் பட்டத்துக்கு நான் பொறுப்பு."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"வெறும் தட்டுக்கு மட்டும்தான் மூணு மில்லிமீட்டர்னு தப்பா போட்டிருக்கு. அது கிடக்கட்டும்."

"உக்கார வைக்கமாட்டேன் சார்."

"பட்டம் போயிடும்மா."

"போகட்டும் சார்."

மறுநாள் அவளே கிளம்பிப் போய்க் கையை எக்ஸ்ரே எடுத்தாள். துணைக்கு நான் போனேன். படம் எடுத்தவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"எங்கம்மா விழுந்தே?"

"விழல."

"மணிக்கட்டுல கோடு மாதிரி ஒரு விரிசல் இருக்கே. வலிக்கலையா?"

அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வலி இல்லை. ஒன்றுமே தெரியவில்லை.

"எவ்வளவு அகலம்?"

அவர் சிரித்தார்.

"மயிரிழைம்மா, இதையெல்லாம் யார் அளப்பா? இப்பதானே ஆரம்பிச்சிருக்கு."