கிடாவின் கோணி

தோல் கம்பெனியில் இருபது வருஷம் ஆட்டுத் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரித்தவன் நான். அந்தத் தோலுக்குள் ஒரு காலத்தில் ஆடு இருந்தது என்பதை, ஆம்பூருக்கு வெளியே வீடு கட்டிக் குடிவந்த பிறகுதான் கவனித்தேன். பக்கத்து வீட்டில் பத்துச் செம்மறி, ஒரு கிடா. கிடாவின் வயிற்றுக்குக் கீழே எந்நேரமும் ஒரு கோணித் துண்டு கட்டித் தொங்கும். ஏன் என்று கேட்டிருக்கலாம். படித்தவன் கேட்பதில்லை, ஏதோ புண்ணுக்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கார்த்திகையில் அந்த வீட்டம்மா ஆற்காட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாள். "ரெண்டே நாள் சார், தண்ணி மட்டும் வெச்சிடுங்க." புருஷனுக்கு ஷூ கம்பெனியில் ஷிஃப்டு. நல்ல மழை. ஈரக் கோணி சேற்றில் இழுபட, கிடா என்னைப் பார்த்தது. ஜீவகாருண்யம் பற்றி நான் படித்ததெல்லாம் அன்றைக்குப் பார்த்து ஞாபகம் வந்தது. அவிழ்த்துவிட்டேன். அதற்கப்புறம் அது காட்டிய உற்சாகத்தை நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தவள் கோணி இல்லாத கிடாவைப் பார்த்ததும் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாய்யா கட்டின நீ? இப்ப சேர்ந்தா சித்திரையில குட்டி போடும். காடே காஞ்சு கெடக்கும். தாய்க்கு மடி ஊறலன்னா குட்டி இன்னாத்த குடிக்கும்?"

கிடா பெட்டையோடு சேராமல் தடுக்கத்தான் கோணி என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கத்தான் செய்தேன்: ஈரத்தில் முடிச்சு எப்படி நழுவும் என்று விளக்கினேன். அந்த மனுஷன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சித்திரையில் மூன்று ஆடுகள் ஈன்றன. மூன்றுக்கும் மடி வற்றல். நான் பாக்கெட் பாலைக் காய்ச்சி, பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன். "சாருக்கு இருக்கிற அக்கறை உனக்கு இருக்குதா?" என்று அதற்கும் அவனுக்குத்தான் திட்டு. மூன்றாம் நாள் சின்னக் குட்டி செத்துப்போனது.

வேலியோரம் நானும் அவனும் குழி தோண்டினோம். மண்ணைத் தள்ளிக்கொண்டே சொன்னான்:

"கோணி உங்க துணிக்கொடியில காஞ்சினு இருந்துச்சு சார். கிடா அவுத்துக்கும். கிளிப்பு போடுமா?"

"அப்பவே வீட்ல சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்."

கைமண்ணோடு போய் அவளிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். மிச்சமிருந்த இரண்டு குட்டிகளைப் பார்த்தாள். பாட்டிலைக் கழுவி என் கையில் கொடுத்தாள்.

"காலையில ஆறு மணிக்கு, மத்தியானம், சாயங்காலம். ரெண்டும் மேய ஆரம்பிக்கிற வரைக்கும் வரணும்."

அதில் 'சார்' இல்லை. மறுநாள் ஐந்தரைக்கே போய் நின்றேன்.