ஆள் இல்லாதபோது மட்டும் வரும் பழுது

1. சாவி

மலேசியாவில் கிள்ளான் ஆறு கடலைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில், நான் மெக்கானிக்காக இருக்கும் படகுப் பட்டறை. அங்கே ஒரு சனிக்கிழமை காலை சேவியர் அங்கிளின் மகன் வந்தான். சுபாங் ஜெயாவிலிருந்து வந்தவன் காரின் எஞ்சினைக்கூட நிறுத்தவில்லை. அப்பாவின் ஜெட் போட் சாவியை வாங்கிப் போய்விடுவதுதான் அவன் எண்ணம்.

"போட்ல ஒண்ணும் இல்லன்னு நீங்களே எத்தன தடவ சொல்லிட்டீங்க அண்ணே. அம்மா போனதுலேர்ந்து அப்பா இல்லாததையெல்லாம் சொல்றாரு. நாளைக்குக் கடல்ல நின்னுட்டா யாரு போய்த் தேடுறது? வித்துடலாம்லா."

அங்கிள் பக்கத்திலேயே நின்றிருந்தார். பிரிக்பீல்ட்ஸ்காரர், ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் பேசி முடிக்கும்வரை தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டியதை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினார்.

மத்தியானம்வரை நேரம் கேட்டேன். மகன் அப்பாவிடமிருந்து வாங்கிய சாவியை என் கையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

2. எஞ்சினா, பம்ப்பா

ஜெட் போட்டுக்கு வெளியே சுழலும் விசிறி கிடையாது. வயிற்றுப் பக்கமாகத் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் பம்ப்தான் அதைத் தள்ளுகிறது. இழுவை குறைந்தால் முதலில் எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். முள் ஏறவில்லை என்றால் எஞ்சினில் கோளாறு. முள் ஏறியும் போட் நகரவில்லை என்றால் எஞ்சின் நன்றாக இருக்கிறது, பம்ப்தான் தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்குகிறது. உள்ளே சுற்றும் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், எதையாவது சுற்றிக்கொண்டிருக்கலாம், தண்ணீரோடு காற்றும் நுழையலாம். பட்டறையில் எல்லாவற்றையும் கவிட்டேஷன் என்றே சொல்லிவிடுவோம்.

அங்கிள் சொன்னது இரண்டாவது வகை. பழைய போட்டாக வாங்கி மனைவியோடு நிறைய சுற்றியிருக்கிறார், அப்போதெல்லாம் குறை இல்லை. அவர் மனைவி இறந்தபின் மறுபடியும் போட்டை எடுத்தபோதுதான் புகார் ஆரம்பித்தது. நானும் உறிஞ்சும் வாயில் சிக்கியிருந்த நைலான் கயிற்றை எடுத்தேன். இம்பெல்லரைச் சுற்றியிருந்த தேய்ந்த வளையத்தை மாற்றினேன். பிளக், பெட்ரோல் பில்டர் எதையும் விடவில்லை. ஒவ்வொரு முறையும் இருவரும் ஏறி ஓட்டிப் பார்ப்போம். போட் சமர்த்தாக ஓடும்.

"அவரு போட்ல பழுது இல்லடா, பேச்சுத் துணையிலதான் பழுது," என்று முதலாளி காசிம் அண்ணே சிரிப்பார். நான் சிரிக்கவில்லை. ஆனால் பாதி நம்பினேன். பூச்சோங்கில் ஆளில்லாத வீட்டுக்குத் திரும்புகிற எனக்கு அவர் சொல்லும் சிக்னல் கதைகள் பாரமாக இல்லை.

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கையாளர் ஏறாமல் அவர் போட்டை ஆற்றில் ஓட்டிப் பார்க்க மாட்டோம். கீறல் விழுந்தால் யார் மீது பழி என்கிற சண்டைக்குப் பயந்து வைத்த பழக்கம். அதனால் ஒவ்வொரு சோதனையிலும் அவர் வலப்பக்கம் ஸ்டியரிங்கில் இருப்பார், நான் இடப்பக்க இருக்கையில் இருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை, மகன் சாப்பிடப் போனதும், படகுத்துறையில் நின்று கேட்டேன். "அங்கிள், நான் ஏறாம இருந்தா?"

"அதத்தானே தம்பி இத்தன நாளா சொல்றேன். நீ இருந்தா ஓடுது. தனியா போனா ஓட மாட்டேங்குது."

உண்மைதான். அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள்தான் அதைத் துக்கத்தில் பேசும் பேச்சு என்று எடுத்துக்கொண்டோம்.

3. தனியாக

அவரைக் கரையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் ஏறினேன். முதலாளி அன்று இல்லை, இருந்திருந்தால் கத்தியிருப்பார்.

கடைசிப் படகுத்துறையைத் தாண்டி விசையைக் கூட்டினேன். முள் துள்ளி ஏறியது. போட் தளர்ந்து தண்ணீரில் உட்கார்ந்தது. பம்ப்புக்குள் சரளைக்கல் உருள்வதுபோல ஒரு சத்தம். இரண்டு பக்கமும் பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்கள் சேற்றில் வேர் ஊன்றி நின்றன, ஆற்றில் வேறு படகு இல்லை. இத்தனை இரைச்சல் போட்டும் ஓர் அடி நகராமல் இருப்பது எவ்வளவு தனிமையான விஷயம் என்று அப்போதுதான் தெரிந்தது. இதற்குள்தான் அவர் வாராவாரம் உட்கார்ந்திருக்கிறார். கரைக்கு வந்து சொன்னால் நம்ப ஆளில்லை.

எழுந்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, இடப்பக்கமாக உடம்பைச் சாய்த்தேன். சத்தம் நின்றது. போட் பிடித்துக்கொண்டு பாய்ந்தது. வலப்பக்கம் உட்கார்ந்தேன், மறுபடியும் வழுக்கியது.

கரைக்குத் திரும்பி, போட்டைத் தூக்கிக் கட்டி அடியில் படுத்தேன். உறிஞ்சும் வாய் அடிப்பலகையோடு சேரும் இடத்தில், இடது ஓரத்தில் மயிரிழையாக விரிந்திருந்த பெயின்டைச் சுரண்டினேன். உள்ளே இணைப்பை அடைக்கும் சீலன்ட் பசை விட்டுப்போயிருந்தது. அங்கிளுக்கு விற்பதற்கு முன் யாரோ வெடிப்பின் மேலேயே பெயின்ட் அடித்து மூடியிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் போனால் போட் வலப்பக்கம் சாய்கிறது, இடது ஓரம் உயர்ந்து அந்த இடுக்கு வழியாகக் காற்றைக் குடிக்கிறது. இடப்பக்கம் ஓர் ஆள் உட்கார்ந்தால் இடுக்கு தண்ணீருக்குள் அமுங்கிவிடுகிறது.

மகன் திரும்பி வந்ததும் அவனையும் குனியச் சொல்லி, அந்த இடுக்கில் நகத்தை வைக்கச் சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். அவன் இடுக்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகத்தை ஓட்டிப் பார்த்தான்.

"உங்கம்மா அந்தப் பக்கம்தான் உக்காருவா," என்றார் அங்கிள். கோபமாகச் சொல்லவில்லை.

மகன் என்னிடமிருந்து சாவியை வாங்கினான். அப்பாவின் சட்டைப் பையில் போட்டான்.

4. இளம் மெக்கானிக்குகளுக்கு

டூல் பாக்ஸைத் திறப்பதற்கு முன் கேளுங்கள். எத்தனை பேர் ஏறுவார்கள், யார் எந்தப் பக்கம் உட்காருவார்கள், சாமான் எங்கே வைப்பார்கள். பழுது எந்த நிலையில் வருகிறது என்று சொல்கிறார்களோ அதே நிலையில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் வசதிக்கு ஓட்டினால் போட் உங்களுக்குப் பொய் சொல்லும், மனிதர் பொய் சொல்வதாக நீங்கள் நினைப்பீர்கள்.

பழைய சீலன்டைச் சுரண்டி எடுத்து, புதிதாகப் பூசி, நன்றாகக் காயவிட்டுக் கொடுத்தேன். அவர் தனியாக ஏறிப் போனார். முள்ளும் போட்டும் சேர்ந்து ஏறின.

அதன்பின் அவருக்குப் பட்டறையில் வேலை இல்லை. சனிக்கிழமைகளில் எங்களைத் தாண்டித்தான் கடலுக்குப் போவார். கை காட்டுவார், வேகத்தைக் குறைக்க மாட்டார். ஏன் குறைக்க வேண்டும்? சத்தத்தை வைத்தே முள் எங்கே நிற்கிறது என்று என்னால் சொல்லிவிட முடியும். சொல்வதற்குப் பக்கத்தில் ஆள்தான் இல்லை.