ரிபன் வைத்த பக்கம்

அன்புள்ள உறவினர்களே, அயலவர்களே, அக்காவின் வாசிகசாலைப் பிள்ளைகளே,

அக்கா எங்களை விட்டுப் போய் முப்பத்தொரு நாளாகிறது. இந்த நினைவு மலரில் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள். ஆனாலும் நான்தான் எழுதுவேன் என்று பிடிவாதமாக நின்றேன். அக்காவிடம் நேரில் சொல்லாமல் விட்ட ஒன்று என் நெஞ்சில் கிடக்கிறது. அதை உங்கள் எல்லோருக்கும் முன்னால் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

அக்கா பண்டத்தரிப்பில் வயல் செய்யும் ஒரு கமக்காரக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பதினான்கு வருடம் கழித்து நான் பிறந்தேன். எனக்கு நான்கு வயதில் ஐயா காலமானார். அம்மா நோயாளி. அக்கா படிப்பை விட்டுவிட்டுக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலைக்குப் போனார். கலியாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "தங்கச்சி படிச்சு முடியட்டும்" என்பதே அவருடைய பதிலாக இருந்தது. நான் படித்து முடித்து, கணித ஆசிரியையாகி, கலியாணமும் செய்துகொண்டேன். அதற்குள் அக்காவுக்குக் கலியாணப் பேச்சு வருவது நின்றுவிட்டது.

போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது எனக்கு எட்டு வயது. கொண்டுவந்த அரிசிப் பானைக்குள், அரிசிக்கு நடுவில், என் கதைப்புத்தகங்கள் இரண்டு இருந்தன. மழையில் நனையக்கூடாதென்று அக்கா வைத்தது. அம்மா நல்லாய் ஏசினார். ஷெல் சத்தத்துக்கு நான் அழும்போது அக்கா வாசித்துக் காட்டுவார். கதை சூடுபிடிக்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, "எனக்குக் கண் நோகுது, மிச்சத்தை நீயே பாத்துச் சொல்லு" என்பார். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குக் கண் என்ன நோவு! அந்தத் தந்திரத்தால்தான் நான் வாசிக்கப் பழகினேன்.

பிறகு ஊருக்குத் திரும்பி, மாலை வேளைகளில் வாசிகசாலையின் சிறுவர் பகுதியைப் பொறுப்பெடுத்தார். இந்த வயதுக்கு இந்தப் புத்தகம் என்று அவர் கொடுத்ததில்லை. முதலில் பிள்ளையோடு கதைப்பார். சைக்கிள் மணியைக் கழற்றிக் கொட்டும் பொடியனுக்கு இயந்திரங்களைப் பற்றிய புத்தகம், ஆட்டுக்குட்டியைப் பிரியாதவளுக்கு மிருகக்கதை. "நடுப்பக்கத்தைத் திறந்து வாசி. கண் அடுத்த பக்கத்துக்கு ஓடினால் கொண்டுபோ" என்பார். பாதியில் திருப்பிக் கொடுத்தால், "பிடிக்கேல்லையோ? வை. புத்தகத்துக்குக் கோபம் வராது" என்று சிரிப்பார். எவ்வளவு வாசித்தாய், என்ன விளங்கியது என்று ஒரு பிள்ளையையும் கேட்டதில்லை.

பழைய பேப்பர் எடுக்க வரும் அண்ணையிடமும் சொல்லி வைத்திருந்தார். சாக்குக்குள் சிறுவர் புத்தகம் எது வந்தாலும் முதலில் அக்காவிடம் காட்டவேண்டும். அதே நிறைக்கு அக்கா தன் பழைய பேப்பரைக் கொடுத்துப் புத்தகத்தை எடுத்துக்கொள்வார்.

என் மகளுக்கும் அக்காதான் புத்தகம் தெரிவு செய்தார். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை வந்த வருடம், கடலைத் தேடிப் போகும் ஓர் ஆமையின் கதையைக் கொடுத்திருந்தார். ஒருநாள் பின்னேரம் மகள் மாதிரி வினாத்தாளுக்குள் ஒளித்து அதை வாசித்துக்கொண்டிருந்தாள். விட்ட பக்கத்துக்கு அடையாளமாக வைக்கத் தன் பள்ளிக்கூட ரிபனையும் அவிழ்த்து வைத்திருந்தாள். நான் புத்தகத்தை ரிபனோடு பறித்தேன். அந்த நேரம் பார்த்து அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"அக்கா, பிள்ளையைக் குழப்பாதேங்கோ. இனிமேல் கதைப்புத்தகத்தோடை இஞ்சை வராதேங்கோ. உங்களுக்கெண்டு ஒரு பிள்ளை இருந்தால் விளங்கும்."

என்னை வளர்த்தவரைப் பார்த்துத்தான் அதைச் சொன்னேன். அக்கா, "ஓம், சரியடி" என்றார். நான் கொடுத்த தேத்தண்ணியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் போனார். அடுத்த கிழமையே அந்தப் புத்தகத்தைப் பழைய வினாத்தாள்களோடு பேப்பர் சாக்கில் போட்டேன்.

மகள் நல்லாய்ச் சித்தியடைந்தாள். அதன் பிறகு ஒரு கதைப்புத்தகத்தையும் அவள் தொடவில்லை. அக்கா பனங்கட்டியோடும் முருங்கைக்காயோடும் வந்துபோனார், புத்தகத்தோடு வரவில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் கொண்டுவந்திருப்பார். மூன்று வருடமாக நான் சொல்லவில்லை.

நோய் முற்றி ஆசுப்பத்திரியில் கிடந்தபோது ஒருநாள் என் கையைப் பிடித்துக் கேட்டார்.

"அந்த ஆமைக்கதை இருக்கோடி?"

"ஓம் அக்கா, அலுமாரியிலை பத்திரமாய் இருக்கு."

அக்கா என் கையைத் தட்டிக்கொடுத்தார். "அப்ப சரி. பிள்ளையிட்டைக் குடு. பாதியிலை விட்டவள்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த மூன்று நாளும் சுன்னாகத்திலும் யாழ்ப்பாணத்திலும் கடைகடையாக ஏறி இறங்கினேன். எங்கும் இல்லை. நாலாம் நாள் காலை அக்காவும் இல்லை.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்து அக்காவின் அலுமாரியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில், மண்ணிறத் தாளில் சுற்றி, அந்த ஆமைக்கதை இருந்தது. மேலே அக்காவின் கையெழுத்தில் என் மகளின் பெயர். உள்ளே அதே ரிபன், அதே பக்கத்தில்.

பேப்பர்க்கார அண்ணையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "உங்கடை சாக்குக்குள்ளைதான் கிடந்தது தங்கச்சி. அண்டைக்கே அக்காட்டைக் குடுத்திட்டன். தங்கச்சிக்குச் சொல்லிப்போடாதையுங்கோ, கவலைப்படுவாள் எண்டு அக்காதான் சொன்னவ" என்றார்.

அப்படியென்றால் ஆசுப்பத்திரியில் என் பொய் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. "எறிஞ்சுபோட்டன் அக்கா" என்று உண்மையைச் சொல்லியிருந்தால், "விசரி, என்னட்டை இருக்கடி" என்று சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பை நானே கெடுத்துக்கொண்டேன். அக்கா, நான் உங்களுக்குச் சொன்னது பொய். என்னை மன்னியுங்கோ.

அக்காவைக் கடைசிவரை பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், எங்கள் வீட்டில் உலை வைக்க விடாமல் சாப்பாடு தந்த அயலவர்களுக்கும், கீரிமலைக் கிரியைகளில் கூட நின்றவர்களுக்கும், பாடை போகும் வழியெல்லாம் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி வரிசையாக நின்ற வாசிகசாலைப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் தலைவணங்குகிறது. பேப்பர்க்கார அண்ணைக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

மகளிடம் புத்தகத்தைக் கொடுத்து நடந்ததெல்லாம் சொன்னேன். வாங்கி மேசையில் வைத்தாள். இரண்டு கிழமையாக அது அப்படியே கிடந்தது. இந்தக் கட்டுரையை அச்சகத்துக்குக் கொடுக்கப் புறப்பட்ட இன்று காலை, மேசையைத் துடைக்கும்போது பார்த்தேன். ரிபன் ஆறு பக்கம் தள்ளி இருந்தது.

நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை, அக்கா.

— தங்கை