கட்டம் கட்டமாய் நைனா

சி.டி. பிளேயரின் தட்டு உள்ளே போனதும் ‘கிர்ர்’ரென்று ஒரு சுழற்சி, பிறகு சூடான பிளாஸ்டிக் வாசனை, அதன் பிறகுதான் திரையில் ரோஜாப்பூக்கள் உதிர்ந்து என் பெயர் வரும். சாலவாக்கத்தை அடுத்த எங்கள் ஊரில் என் மஞ்சள் நீராட்டு விழாவை வீடியோ எடுத்தவர், வந்தவர்கள் பேசியதையெல்லாம் அழித்துவிட்டு, சி.டி. முழுக்க சினிமாப் பாட்டாய் நிரப்பிக் கொடுத்திருந்தார். ஆனாலும் அந்தப் புண்ணியவானை என்னால் முழுதாகத் திட்ட முடியவில்லை, ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கும் இடைவெளியில், பந்தலோரம் தோளில் துண்டோடு நிற்கும் என் அப்பா, எங்கள் வழக்கில் ‘நைனா’, கூட்டத்துக்குள் அம்மாவைத் தேடிப் பிடித்து, “இன்னாமே, சாப்டியா?” என்று கேட்பது மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. அம்மா பதில் சொல்லியிருந்தாலும் அது அடுத்த பாட்டில் அமுங்கிவிட்டது.

அடுத்த மழைக்காலத்தில் நைனா காமாலையில் போய்விட்டார். அவர் குரல் என்று எங்களுக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். அன்றைக்கு என்ன பதில் சொன்னோம், சொன்னோமா இல்லையா என்பதே அம்மாவுக்கு ஞாபகமில்லை. அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. களையெடுத்துவிட்டு வந்து கைகால் கழுவியதும் சி.டி.யை எடுப்பாள், நைனாவின் போட்டோக் கண்ணாடியைத் துடைப்பதைப்போல முந்தானையால் சுற்றிச் சுற்றித் துடைப்பாள், போடச் சொல்வாள். அவர் கேட்டதும் டி.வி.யைப் பார்த்து, “சாப்ட்டேன்யா” என்பாள். பொய்தான், அதற்குப் பிறகுதான் உலையே வைப்பாள்.

ஒருநாள் படம் திக்க ஆரம்பித்தது. நைனாவின் முகம் கட்டம் கட்டமாய் உடைந்து, வாய் பாதியில் நின்று, “இன்னாமே, சாப்... சாப்... சாப்...” என்று இழுத்து, அப்படியே பாட்டுக்குத் தாவியது. ‘ஹெட்டுல தூசு’ என்றார்கள் அக்கம்பக்கத்தில். பஞ்சால் ஒற்றினோம், பிளேயரின் தலையில் தட்டினோம், சி.டி.யில் பற்பசை தடவிக் கழுவினோம். கடைசியில் அம்மா எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு உத்திரமேரூருக்கு பஸ் ஏறினாள்.

பஜார் மெக்கானிக் வேறொரு சி.டி.யைப் போட்டுப் பார்த்தார். அது தடையில்லாமல் ஓடியது. பிறகு எங்களுடையதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

“பிளேயர் நல்லாத்தான் கீதும்மா. சி.டி. முச்சூடும் கோடு. யாரு இத்த சுத்திச் சுத்தித் தொடச்சது? நடுவுலேருந்து வெளிய பாத்துத் தொடைக்கணும். இனிமே ஒண்ணும் பண்ண முடியாது.”

“அழுக்காயிடப் போவுதேன்னு நாந்தான் தொடச்சேன்” என்றாள் அம்மா.

வீடியோக்காரரிடமும் ஓடினோம். அவர் எங்கள் விழாவை முதலில் பதிவு செய்த கேசட்டில் எப்போதோ வேறொரு கல்யாணத்தை எடுத்துவிட்டிருந்தார். பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா ஊர் வரும் வரை அழுதாள், நானும் அழுதேன்.

அதன் பிறகும் அவள் சி.டி.யைப் போடச் சொல்வதை நிறுத்தவில்லை. நைனா திக்கும்போது வாயைத் திறப்பாள், மூடிக்கொள்வாள். “பதில் சொல்லேம்மா” என்று ஒருமுறை சொன்னேன். “முழுசாக் கேக்காம இன்னான்னு சொல்றது?” என்றாள்.

இப்போது அந்த பிளேயர் இல்லை. சி.டி. மட்டும் பீரோவில், புடவைகளுக்கு நடுவே இருக்கிறது. என் லேப்டாப்பில் அதைப் போட இடமில்லை. பட்டணத்திலிருந்து தினமும் அம்மாவுக்குப் போன் செய்து, முதலில் “சாப்டியாம்மா?” என்றுதான் கேட்கிறேன். சட்டென்று பதில் வந்துவிடும். சில நாள் சிக்னல் கெட்டு என் குரல் “சாப்... சாப்...” என்று அறுபட்டுப் போகிறது. எல்லோரையும்போல அம்மா அப்போது ‘ஹலோ, ஹலோ’ என்று கத்துவதில்லை, போனை வைப்பதுமில்லை. நான் முழுசாகக் கேட்டு முடிக்கும் வரை, மறுமுனையில் பேசாமல் காத்திருக்கிறாள்.