சிலந்தி அக்காவின் வலைப்படம்

கழுத்தை வலப்பக்கம் சாய்த்து, பிறகு இடப்பக்கம் சாய்த்து, திரையில் வட்டமாகச் சுற்றி நிற்கும் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருக்கிறார் சிலந்தி அக்கா. மருத்துவமனையின் புள்ளிவிவர அறையில் அவருக்கு அதுதான் பெயர். அளவுக்கு ஒன்றாக மையத்திலிருந்து விரியும் ஆரங்கள், குறுக்கே வலைக்கோடுகள், அவற்றின்மேல் ஒரு பிரிவின் நிலைமை வண்ண உருவமாக. இந்தப் படத்தை ‘ஆர்’ (R) என்ற கணினி நிரல்மொழியில் அவரைப்போல் வரைய இங்கே ஆளில்லை.

பக்கத்து மேசையில் இருக்கும் என்னையும் சும்மா விடமாட்டார். "இந்தப் பச்சை பாசி புடிச்ச மாதிரி இல்ல? வாயத் திறந்து சொல்லேண்டி, முத்தா உதிர்ந்துடும்?" நான் சொல்வதற்குள் நீலமாக்கிவிடுவார். எழுத்தைப் பெரிதாக்குவார், சிறிதாக்குவார், கோட்டை மெலிதாக்குவார். கழற்றிவிட்ட செருப்பைக் கால் மேசைக்கடியில் தேடிக்கொண்டே இருக்கும். கடைசிப் புள்ளி முதல் புள்ளியோடு சேராமல் உருவம் பிளந்து நின்றால் கணினிக்குத் திட்டு விழும்: "மூடுடா வாய!"

அன்று எந்தப் பிரிவை மூடுவது என்று முடிவு செய்யக் கூட்டம். காலையிலேயே அக்கா எல்லாப் பிரிவுகளின் படங்களையும் மேலாளருக்கு அனுப்பியிருந்தார். மதியம் பிசியோதெரபிஸ்ட் வாசலில் வந்து நின்றார்.

"என்னக்கா, எங்க பிரிவு நடுவுல ஒரு பொட்டாட்டம் கிடக்கு? நாங்க அவ்வளவு மோசமா?"

"நான் என்ன தம்பி பண்றது? எண்ணு அப்படி."

அவர் போனபின் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், அட்டவணையைத் திறந்தார். மற்ற பிரிவுகள் எல்லா அளவுகளிலும் நூற்றுக்குத் தொண்ணூறை ஒட்டி; பிசியோதெரபி எண்பத்தெட்டை ஒட்டி. உருவங்கள் தனித்தனியாகத் தெரியட்டும் என்று ஒவ்வொரு ஆரத்தையும் இருப்பதிலேயே குறைந்த எண்ணில் தொடங்கவைத்திருந்தார். குறைந்தது எதுவானாலும் நேரே மையத்தில்தான் விழும்.

"அழகா இருக்கணும்னு இழுத்துத் தொலைச்சேண்டி!"

ஆரங்களைப் பூஜ்ஜியத்திலிருந்து நூறுவரை மாற்றி ஓட்டினார். எல்லா உருவங்களும் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. மேலாளருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மடிக்கணினியை மூடாமலே தூக்கிக்கொண்டு படியிறங்கினார்; நான் பின்னால் ஓடினேன்.

கூட்ட அறையில் சுவர் முழுக்கக் காலைப் படம். "இதுக்கு மேல பேச என்ன இருக்கு? படமே சொல்லுதே," என்று மேலாளர் மூடும் உத்தரவில் கையெழுத்திடப் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"சார், அந்தப் படம் தப்பு. நான்தான் தப்பாப் போட்டேன்."

"அப்புறம் பாத்துக்கலாம்மா. மொதல்ல உக்காருங்க."

அக்கா உட்காரவில்லை. மடிக்கணினியை என் கையில் திணித்துவிட்டு நேரே புரொஜெக்டரிடம் போய், அதன் கண்ணை உள்ளங்கையால் பொத்தினார்.